வான்கோழிக் காலும் மறுநாள் குழம்பும்

வான்கோழியின் நெஞ்சும் காலும் ஒரே பறவையின் கறிதான் என்றாலும் அடுப்பில் அவை இரண்டு வேறு பொருள்கள். நெஞ்சுக்கறி 75 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வறண்டு நாராகத் தொடங்கும். காலோ 80 டிகிரிக்கு மேல் போய் அங்கேயே நெடுநேரம் இருந்தால்தான் பல்லுக்கு இணங்கும். நெஞ்சை அளவாகச் சமைத்து உடனே பரிமாற வேண்டும். காலை நிதானமாக வேகவைக்க வேண்டும். முறையாக எடுத்து வைத்தால் மறுநாளும் அதன் சுவை குறையாது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அந்தத் தசையின் வேலையிலும் அமைப்பிலும் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தை ஆட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் பெயர்போனது. கோழிக் கூடைகளுக்கு நடுவே கால் கட்டிய வான்கோழியும் தலைகாட்டும். காலையில் வாங்கிய பறவை மதியம் குழம்பாகி, கேழ்வரகுக் களியோடு இலைக்கு வந்துவிடும். ஆனால் ஐந்தாறு கிலோ எடையுள்ள பறவையை ஒரு குடும்பம் ஒரே வேளையில் தின்று தீர்க்க முடியாது. நெஞ்சுத் துண்டுகள் முதலில் காலியாகும். எலும்போடு கூடிய கால் துண்டுகளே பெரும்பாலும் மிஞ்சும். அவை திங்கட்கிழமை சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகிறவரின் டிபன் பாக்ஸில் ஏறும். எனவே வான்கோழிக் காலைப் பொறுத்தவரை எப்படி வேகவைப்பது என்பது பாதிக் கேள்வி. எப்படி ஆற வைத்து, எப்படி மீண்டும் சூடாக்குவது என்பது மறுபாதி.

நடக்கும் பறவையின் தசை

வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. அதை வீட்டுப் பறவையாக்கியவர்கள் மெக்சிகோவின் பழங்குடி மக்கள். இந்தியாவுக்கு அது போர்த்துகீசியர் வழியாக வந்தது. கோவாவிலிருந்து முகலாய அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு வான்கோழியை, பேரரசர் ஜஹாங்கீர் 1612இல் மன்சூர் என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்தார். தமிழ்நாட்டில் இன்று வளர்க்கப்படும் இனங்களில் நந்தனம் வான்கோழி-1 குறிப்பிடத்தக்கது. உள்ளூர்க் கறுப்பு வான்கோழியையும், அமெரிக்காவில் சிறு குடும்பங்களின் தேவைக்காக உருவாக்கப்பட்ட பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் கலந்து உண்டாக்கியது அது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதைப் பரப்பியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இயங்குகிறது.

இனம் எதுவானாலும் வான்கோழி பகல் முழுவதும் நடந்து மேய்கிற பறவை. ஆபத்து வந்தால் மட்டும் சில நொடிகள் படபடத்துப் பறக்கும். அந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்கு உரியது நெஞ்சுத் தசை. அது சேமித்து வைத்த சர்க்கரையை எரித்து விரைவாக இயங்கி, விரைவாகக் களைத்துப்போகும். கால் தசைக்கு ஓய்வில்லை. அது ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பை எரித்து நெடுநேரம் உழைக்கிறது. ஆக்சிஜனைத் தசைக்குள் பிடித்து வைக்கும் சிவப்பு நிறப் புரதமான மயோகுளோபின் காலில் அதிகம். கால்கறி கருஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான். கொழுப்பும் இரும்பும் அதில் கூடுதல்; கறியின் ஆழ்ந்த சுவைக்கு அவை காரணம். மறுநாள் எழும் வாடைக்கும் அவையே காரணம் என்பது பின்னால் தெரியும்.

கொலாஜன் இளகும் கணக்கு

உழைக்கும் தசையை உறைபோட்டுக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு போன்றது அது. கறி சூடாகும்போது முதலில் நடப்பது இளக்கம் அல்ல, இறுக்கம். ஏறத்தாழ 50 டிகிரியில் தசைப் புரதங்கள் சுருங்கத் தொடங்குகின்றன. 60 முதல் 65 டிகிரியில் கொலாஜன் உறையும் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவது போலச் சாற்றை வெளியே தள்ளுகிறது. இந்தக் கட்டத்தில் எடுத்துக் கடித்தால் கால்கறி ரப்பர்தான்.

அதற்கு மேலும் சூடு தொடர்ந்தால் முறுக்கிய கயிறு மெல்ல அவிழ்ந்து ஜெலட்டினாகிறது. 70 டிகிரியில் இது பல மணி நேர வேலை. 85 முதல் 95 டிகிரியில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடியும். தசைநார்கள் அதற்குள் தம் சாற்றின் பெரும்பகுதியை இழந்திருக்கும். ஆனால் அந்த இடத்தை வழுவழுப்பான ஜெலட்டின் நிரப்பிவிடுவதால் வாயில் வறட்சி தெரியாது. நெஞ்சுக்கறியில் கொலாஜன் குறைவு. நெடுநேரம் வேகவைத்தால் சாறும் போய், ஈடு செய்ய ஜெலட்டினும் இல்லாமல் பஞ்சாகிறது. காலையும் நெஞ்சையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரம் வேகவைக்கும்போது இரண்டில் ஒன்று கெடுவது இதனாலேயே. கால் துண்டுகளை முதலில் போட்டு, அவை முக்கால் பதம் வந்தபின் நெஞ்சுத் துண்டுகளைச் சேர்ப்பது சரியான வரிசை.

பறவையின் வயதும் கணக்கில் சேரும். வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடி, சூட்டுக்கு எளிதில் அவிழாதபடி உறுதிப்படுகின்றன. ஆறு மாதப் பறவைக்குப் போதுமான நேரம் இரண்டு வருடச் சேவலுக்குப் போதாது. காலின் முள் நீண்டு கூர்மையாக இருந்தால் அது முதிர்ந்த சேவல். கொழுக்கட்டை போல் மழுங்கிச் சிறிதாக இருந்தால் இளையது.

எலும்பாகும் நாண்கள்

நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துப் பழகியவருக்கு வான்கோழிக் காலில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழ்த் துண்டில், வெந்த கறியிலிருந்து ஊசி போன்ற நீண்ட வெள்ளைக் குச்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். மீன்முள் போலிருந்தாலும் அவை முள்ளும் அல்ல, எலும்பும் அல்ல. தசையைக் கால்விரல்களோடு இணைக்கும் தசைநாண்கள். வான்கோழிக்கு ஏறத்தாழ 15 வார வயதிலிருந்து இந்த நாண்களில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, அவை எலும்பு போலக் கெட்டிப்படுகின்றன. வெறும் கொலாஜன் எப்படிக் கடினப் பொருளாகிறது என்பதை ஆராயும் அறிவியலாளர்கள், மனித எலும்பு உருவாவதைப் புரிந்துகொள்ள வான்கோழிக் கால் நாணைப் பல பத்தாண்டுகளாக மாதிரியாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

கனிமம் படிந்த நாண் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இளகாது. செய்யக்கூடியது அதை அகற்றுவது மட்டுமே. பச்சையாக இருக்கும்போது கணுக்காலைச் சுற்றிலும் தோலைக் கீறி, நாண்களை ஒவ்வொன்றாகக் குறடால் இழுத்து உருவலாம். முழுக்காலாக வேகவைத்தால் கறி எலும்பை விட்டு இறங்கும் பதத்தில் அவை தாமாகவே தலைநீட்டும், கையால் உருவிவிடலாம். காலைக் குறுக்கே சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவதுதான் தவறு. நாண் துணுக்குகள் குழம்பில் கலந்து குழந்தைகளின் தொண்டையில் குத்தும். தொடையில் இந்தத் தொல்லை இல்லை. அதை எப்படியும் வெட்டலாம்.

அடுப்புக்கு முன்

அறுத்தவுடன் சட்டியில் போடுவது சந்தை நாளின் வழக்கம். உயிர் போன சில நிமிடங்களில் தொடங்கி தசை விறைக்கிறது. அந்த விறைப்புக்கு நடுவே சமைத்த கறி கடினமாகவே இருக்கும். தீயில் வாட்டி, மஞ்சள் பூசி, சுத்தம் செய்த காலைக் குளிர்பெட்டியில் பல மணி நேரமோ ஓர் இரவோ வைத்தால் தசையிலுள்ள நொதிகள் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகின்றன.

அந்த நேரத்தில் உப்பும் தன் வேலையைச் செய்யும். ஒரு கிலோ கறிக்கு 12 முதல் 15 கிராம் உப்பு, அதாவது இரண்டு தேக்கரண்டி அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தடவி வைத்தால், அது உள்ளே ஊறித் தசைப் புரதங்களை ஓரளவு கரைத்து நீரைப் பிடித்துக்கொள்ள வைக்கிறது. பிறகு குழம்பில் போடும் உப்பை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். முதிர்ந்த பறவைக்குப் பப்பாளிக்காய் அரைத்துத் தடவுவது பழைய வழக்கம். பப்பாளிப் பாலிலுள்ள பப்பெய்ன் என்ற நொதி புரதத்தை வெட்டுகிறது. அது மேற்பரப்பிலேயே வேலை செய்வதால் அரை மணி நேரம் போதும். இரவு முழுவதும் விட்டால் வெளிப்புறம் கூழாகிவிடும், உட்புறம் அப்படியே இருக்கும்.

குழாயடியில் கறியைக் கழுவுவதால் கிருமிகள் போவதில்லை. சிதறும் நீர்த்துளிகளோடு அவை பாத்திரங்களுக்கும் காய்களுக்கும் பரவுகின்றன. கழுவியே ஆக வேண்டுமென்றால் ஒரு பாத்திரத்தில் நீர் ஊற்றி அதற்குள் அலசி எடுத்து, நீரை மெதுவாகக் கொட்டி, கையையும் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்லது. உறைந்த காலை முதல்நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தால் மறுநாள் பதமாகும். வெளியே மேடையில் வைத்தால் உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே மேற்பரப்பில் கிருமி பெருகத் தொடங்கிவிடும்.

பானையிலும் குக்கரிலும்

திறந்த பாத்திரத்தில் குழம்பு எவ்வளவு கொந்தளித்தாலும் நீரின் கொதிநிலையைத் தாண்டாது. கொதிநிலை இடத்துக்கு இடம் மாறும். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். 900 மீட்டரை ஒட்டி நிற்கும் ஓசூரில் நீர் சுமார் 97 டிகிரியில் கொதிக்கிறது. பல நூறு மீட்டர் தாழ்ந்த போச்சம்பள்ளியில் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். ஒரே சட்டியில், ஒரே பறவையை வேகவைத்தாலும் ஓசூர் வீட்டில் சற்று நேரம் கூடப் பிடிக்கும்.

தீயைக் கூட்டிக் கொந்தளிக்க விடுவதால் கறி விரைவில் வேகாது. கூடுதல் வெப்பம் முழுவதும் ஆவியாகப் போகும், துண்டுகள் மோதிச் சிதையும். மூடி போட்டு, ஓரத்தில் குமிழ் தட்டும் அளவு சிறுதீயில் இளம் பறவையின் காலுக்கு ஒன்றரை மணி நேரமும், முதிர்ந்ததற்கு இரண்டரை மணி நேரமும் தேவைப்படலாம்.

குக்கர் இந்தக் கணக்கைச் சுருக்குகிறது. வெயிட் தரும் கூடுதல் அழுத்தத்தில் நீர் 120 டிகிரியை நெருங்கியே கொதிக்கும். ஓசூரின் உயரத்திலும் 118 டிகிரி வரும். கொலாஜன் அந்தச் சூட்டில் மிக வேகமாக இளகுவதால் 20 முதல் 25 நிமிடத்தில் இளம் பறவையின் கால் பதமாகும். முதிர்ந்ததற்கு 40 நிமிடம். விசிலை எண்ணுவது நேரத்தை அளப்பது ஆகாது. தீ பெரிதானால் விசில் அடிக்கடி வரும், அவ்வளவுதான். முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே சரி. வெந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடக்கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் கறிக்குள் இருக்கும் நீரும் கொதித்து வெளியேறி, இளகிய கறி மீண்டும் வறளும். தானாக அடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

மல்லி, மிளகு, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு ஆகியவற்றை வதக்கி அரைத்துக் கறியோடு வேகவிடுவது இந்தப் பக்கத்துக் கோழிக் குழம்பின் வழக்கம். வான்கோழிக் காலுக்கும் அது பொருந்தும். ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து வரும் தக்காளியின் புளிப்பு கொலாஜன் இளகக் கைகொடுக்கும். மறுநாளைக்கு எடுத்து வைக்கும் உத்தேசம் இருந்தால் தேங்காய் அரைத்து ஊற்றுவதை அந்தப் பங்கில் தவிர்ப்பது நல்லது. தேங்காய் விரைவில் ஊசிப்போகும்; மறுநாள் சூடாக்கும்போது புதிதாக அரைத்துச் சேர்க்கலாம்.

எலும்போரச் சிவப்பு

வெந்த காலைப் பிய்த்தால் எலும்பை ஒட்டிச் சிவப்போ கருமையோ தெரிவதுண்டு. இளம் பறவையின் எலும்பு முழுதாகக் கெட்டிப்படாததால், மஜ்ஜையின் நிறமி கசிந்து கறியில் படிவதே காரணம். உறைந்து கரைந்த காலில் இது அதிகம். மயோகுளோபின் நிறைந்த கறி பாதுகாப்பான சூட்டைத் தாண்டிய பிறகும் சிவந்த சாயலோடு இருப்பது உண்டு. அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் கையில் பிடித்துத் தின்னும் புகையூட்டிய வான்கோழிக் கால் உள்ளெல்லாம் ரோஜா நிறமாக இருப்பதற்குக் காரணம் வேறு. பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் உப்பு மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைநிறுத்துகிறது. ஆக, நிறத்தை நம்பி முடிவு செய்ய இயலாது. எலும்பைத் தொடாமல் தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரி காட்டினால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அழிந்துவிட்டன என்று கொள்ளலாம். மென்மைக்கு உரிய சூடு அதற்கும் மேலே இருப்பதால், கை வைத்தால் எலும்பு கழன்று வருமளவு வெந்த கால் இந்த வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும்.

ஆற வைப்பதில் உள்ள ஆபத்து

கொதித்த குழம்பில் கிருமியே இருக்காது என்ற எண்ணம் தவறு. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா கொதிநீரைத் தாங்கும் வித்துகளாக மாறிப் பதுங்கிக்கொள்ளும். கொதித்தபோது குழம்பிலிருந்த ஆக்சிஜன் வெளியேறிவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் இதற்கு அது வசதி. குழம்பு ஆறி 50 டிகிரிக்குக் கீழே வரும்போது வித்துகள் முளைக்கின்றன. 43 முதல் 47 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. அந்த வேகத்தில் ஒரு பாக்டீரியா 200 நிமிடத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும்.

ஆகவே ஆபத்தான காலம் கொதிக்கும் நேரமல்ல, மெல்ல ஆறும் நேரம். களிக்குக் குழம்பு வைக்கும் மண்சட்டி சூட்டை நெடுநேரம் பிடித்து வைப்பதால் பரிமாறும்போது அது நன்மை. மீதியை அதிலேயே விட்டால் அதே குணம் தீங்காகிறது. கெட்டியான குழம்பின் தடிமன் இருமடங்கானால் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மிஞ்சிய குழம்பை அகலமான தட்டுப் பாத்திரங்களில் மூன்று விரல் ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, குளிர்ந்த நீருள்ள அண்டாவில் அந்தப் பாத்திரத்தை வைத்துக் கிளறினால் அரை மணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அது குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

படுக்கப் போகுமுன் குழம்பை ஒருமுறை கொதிக்கவைத்து அடுப்பிலேயே மூடி வைப்பது பழைய வழக்கம். அந்தக் கொதி வளர்ந்த பாக்டீரியாவைக் கொல்லும், வித்துகளைக் கொல்லாது. விடியும் வரை அவை மீண்டும் முளைக்க எட்டு மணி நேரம் கிடைக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற வேறு சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு காலைக் கொதியிலும் அழிவதில்லை. குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைத்த குழம்பை மூன்று நாள் வரை பயன்படுத்தலாம். அதற்கு மேல் தேவை என்றால் முதல் நாளே உறையவைப்பது நல்லது.

மறுநாள் வாடை

குளிர்பெட்டியில் வைத்த வான்கோழிக் கறி கெட்டுப்போகாமலே ஒரு வாடையைப் பெறும். அட்டைப்பெட்டியை நினைவூட்டும் மெல்லிய சிக்கு வாடை அது. 1958இல் டிம்ஸ், வாட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தனி நிகழ்வாக அடையாளம் கண்டு பெயரிட்டனர். சமைக்கும்போது தசைச் செல்களின் சவ்வுகள் சிதைந்து, அவற்றிலுள்ள பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வெளிப்படுகிறது. மயோகுளோபின் உடைந்து இரும்பும் வெளிவருகிறது. அந்த இரும்பு தூண்டக் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹெக்ஸனால் போன்ற மணப்பொருள்களாக உடைகிறது. ஓரிரு நாளில் வாடை தெரிய ஆரம்பிக்கும்.

இதற்கு எளிதில் ஆட்படும் இறைச்சிகளில் வான்கோழி முன்வரிசையில் நிற்கிறது. கொழுப்பைக் காக்கும் வைட்டமின் ஈ-யைக் கோழி அளவுக்கு வான்கோழி தன் தசையில் சேமிப்பதில்லை. அதிலும் கொழுப்பும் இரும்பும் கூடிய காலில் வாடை முதலில் ஏறும். வறுத்த, சுட்ட காலில் இந்த வாடை தெளிவாகத் தெரிவதும், குழம்பில் கிடந்த காலில் அவ்வளவாகத் தெரியாததும் தற்செயல் அல்ல. குழம்பில் மூழ்கிய துண்டைக் காற்று நேராகத் தொடுவதில்லை. மேலே உறைந்து நிற்கும் எண்ணெய்ப் படலமும், அதன்கீழ் ஜெலட்டினால் இறுகிய குழம்பும் ஆக்சிஜனுக்குத் தடை. கிராம்பு, மஞ்சள், இஞ்சி, வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மங்கள் உள்ளன. காலையில் பெட்டியைத் திறக்கும்போது குழம்பு அல்வா போல் அசைந்தால், கொலாஜன் முழுதாக இளகியது என்பதற்கு அதுவே சான்று.

சூடுபடுத்தும் முறைகள்

சூடுபடுத்துவது இரண்டாம் முறை சமைப்பதல்ல. கறி ஏற்கெனவே வெந்துவிட்டது. உட்புறம் 74 டிகிரியை எட்டினால் போதும். குழம்பில் உள்ள காலுக்கு, தேவையான பங்கை மட்டும் எடுத்து, அரைக் கரண்டி வெந்நீர் விட்டு, மூடி, மிதமான தீயில் வைக்க வேண்டும். இறுகிய குழம்பு இளகியதும் துண்டுகளைத் திருப்பிப் போட்டு, நடுவிலும் ஓரத்திலும் கொதி வந்தபின் ஓரிரு நிமிடம் விட்டு இறக்கலாம். முழுப் பாத்திரத்தையும் ஒவ்வொரு வேளையும் எடுத்துச் சூடாக்கி மீண்டும் உள்ளே வைத்தால், ஆறும் நேரத்தின் ஆபத்தும் வாடையும் ஒவ்வொரு முறையும் கூடும்.

வறுத்த அல்லது சுட்ட காலுக்கு இட்லிப் பானை பொருத்தமானது. நீராவி குளிர்ந்த கறியின்மேல் படிந்து நீராக மாறும்போது பெருமளவு வெப்பத்தை விடுவதால், ஈரம் போகாமல் சூடு ஏறும். முழுக்காலுக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். கறியை எலும்பிலிருந்து பிய்த்துப் போட்டால் அதில் பாதி. பிறகு எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் புரட்டி எடுத்தால் வெளிப்புறம் மீண்டும் மொறுமொறுப்பாகும்.

மைக்ரோவேவ் அலைகள் சில சென்டிமீட்டர் ஆழம் வரையே சென்று நீரைச் சூடாக்குகின்றன. எலும்பும் தடிமனும் கொண்ட முழுக்காலில் ஓரம் கொதிக்கும்போது நடு குளிர்ந்தே இருக்கும். கறியைப் பிய்த்துக் குழம்போடு கலந்து, மூடி போட்டு, குறைந்த திறனில் பாதி நேரத்தில் ஒருமுறை கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் விட்டால் சூடு சமமாகும்.

டிபன் பாக்ஸுக்கு இரண்டு வழிகள் மட்டுமே பாதுகாப்பானவை. ஒன்று, குழம்பைக் கொதிக்கக் கொதிக்க, வெந்நீரால் முன்கூட்டிச் சூடாக்கிய வெப்பக் குடுவையில் அடைத்து, 60 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் உண்பது. மற்றது, குளிர்ந்தபடியே எடுத்துச் சென்று வேலையிடத்துக் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும் நேரத்தில் சூடாக்குவது. வெதுவெதுப்பாகச் சாதாரண டப்பாவில் அடைத்து ஐந்தாறு மணி நேரம் கழித்துத் திறப்பது இந்த இரண்டிலும் சேராது. கொதித்த குழம்பில் பதுங்கிய வித்துகளுக்கு வேண்டிய சூடு அதுவே.